சீவாளி நனையும் நேரம்: நாகசுரக் கச்சேரிப் பதிவுகளும் மறுவெளியீடுகளும்

கொடை விழாவோ கல்யாணமோ, நம் பகுதியில் ரேடியோ செட்டுக்காரர் குழாயைக் கட்டி முடித்துப் பிள்ளையார் பாட்டைப் போட்ட கையோடு, அடுத்து எடுப்பது பெரும்பாலும் ‘சிங்காரவேலனே தேவா’. அதிகாலையில் பனவடலிசத்திரத்துக் காற்றில் அந்த ஆபேரி ஏறும்போது, தேவர்குளம் பக்கமிருந்து வரும் பேருந்துக்காரர்கூட ஹாரன் அடிக்க ஒரு நொடி யோசிப்பார். ‘கொஞ்சும் சலங்கை’ படம் வந்தது 1962இல். இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, குரல் எஸ். ஜானகி, நாகசுரம் காருகுறிச்சி அருணாசலம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர்கள் காருகுறிச்சியாரைக் கேட்டுவருவது முக்கால்வாசி இந்தச் சில நிமிஷங்களில்தான். அவரை நாம் உண்மையில் கேட்டிருக்கிறோமா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது உலக இசையில் ஊதுகருவிகள் பற்றி ஒரு கட்டுரை. அவ்வளவு அகலமான திண்ணையில் உட்கார எனக்குத் தெரியாது. எனக்குப் பழக்கமான இரண்டு கருவிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: ஒன்று நம் நாகசுரம், மற்றொன்று அமெரிக்கக் கறுப்பினத்தாரின் ஜாஸ் இசையில் கேட்கும் ட்ரம்பெட். இரண்டும் தெருவில் வளர்ந்தவை. நம்முடையது சாமி புறப்பாட்டுக்கு மல்லாரியோடு முன்னால் நடந்தது. அவர்களுடையது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சாவு ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் முன்னால் நடந்தது. கூரையும் சுவரும் இல்லாத இடத்தில் கடைசி ஆள் வரைக்கும் எட்டவேண்டும் என்பதே இரண்டின் பிறவிக் குணம். அந்தக் குணத்தை அறைக்குள் கொண்டுபோய்த் தட்டில் அடைத்ததில் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்பதுதான் இங்கே விஷயம்.

ஒலிவாங்கி வருவதற்கு முந்திய பதிவுக்கூடத்தில் ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் நின்றுதான் வாசிக்கவேண்டும். 1923இல் கிங் ஆலிவர் குழுவின் பதிவு ரிச்மண்ட் நகரில் நடந்தபோது, இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் முழக்கம் மற்றவர்களை விழுங்கிவிட்டதால், அவரை மட்டும் கூம்பிலிருந்து பல அடி தள்ளி நிறுத்தினார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்கும் முந்திய ஜாஸ் ஊதுகுழல்காரர் பட்டி போல்டன் 1931இல் இறந்துபோனார். அவர் வாசித்ததில் ஒரு நொடிகூட இன்று கேட்கக் கிடைக்கவில்லை. நம் பக்கமும் இப்படிப் பெயர் மட்டும் மிஞ்சிய வித்வான்கள் ஊருக்கு ஊர் உண்டு. பி.எம். சுந்தரத்தின் ‘மங்கல இசை மன்னர்கள்’ நூலைப் புரட்டினால், கேட்டவர்களின் நினைவைத் தவிர வேறு தடயமில்லாத பெரும் வாழ்க்கைகள் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

பிறகு 78 சுற்று இசைத்தட்டு பரவலானது. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி வீடு வீடாகப் போனது இந்த அளவுக்குள் அடங்கித்தான். தேர் நிலைக்கு வரும் வரை ஒரே ராகத்தை விடாமல் வாசித்தவர் என்று சொல்லப்படும் ஒருவர், ஊசி தட்டின் நடுவுக்கு வந்து சேர்வதற்குள் முடித்துக்கொடுத்தார். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது லேசான வேலையா? கருப்பட்டி கெட்டுப்போகாது, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகும். ஆனால் விடியற்காலையில் மரத்தடியில் பட்டையில் வாங்கிக் குடித்தவனிடம் கருப்பட்டியைக் காட்டி இதுதான் அது என்று சொன்னால் ஒத்துக்கொள்வானா? வடலி என்றால் இளம்பனை. அதைப் பெயரிலேயே வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

கச்சேரியைக் கச்சேரியாகவே பிடித்த பதிவுகள் பெரும்பாலும் கம்பெனிக்காரர்களால் வந்தவை அல்ல. ஆர்வக்கோளாறு பிடித்த ரசிகர்களால் வந்தவை. 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் வடக்கே ஃபார்கோ என்ற குளிர் ஊரில், டியூக் எலிங்டன் குழு ஒரு நடனக் கூடத்தில் வாசித்தது. ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் அனுமதி வாங்கி, தூக்கிச் செல்லும் தட்டு வெட்டும் கருவி ஒன்றை வைத்து அந்த இரவைப் பதிந்தார்கள். கூட்டி வில்லியம்ஸ் என்ற பழைய ட்ரம்பெட்காரர் விலகி, ரே நான்ஸ் என்ற புதியவர் வந்து சேர்ந்த நேரம் அது. அதனால் ஒரு புது ஊதுகுழல்காரர் பெரிய குழுவுக்குள் நுழையும் தயக்கமும் துணிச்சலும் அதில் அப்படியே இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் நெருங்கும்போதுதான் அது முறையாக இசைத்தட்டாக வந்து, கிராமி விருதும் பெற்றது.

நம் பக்கத்து டவர்ஸும் பரிஸும் யார்? கொழும்பு, சிங்கப்பூர் போய்வந்து ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தவர்கள். கல்யாணப் பந்தலில் மணமேடையைவிட மேளக்காரர் மேடைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தவர்கள். அவர்களால்தான் காருகுறிச்சியாரின் நீண்ட வாசிப்புகள் இன்று கைக்குக் கை சுற்றுகின்றன. சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சியில் 1921இல் பிறந்து, ராஜரத்தினம் பிள்ளையின் சீடராகி, கோவில்பட்டியில் வாழ்ந்து, 1964 ஏப்ரலில் மறைந்தவர் அவர். திருநெல்வேலி வானொலி நிலையம் திறந்தது 1963 டிசம்பரில். கணக்குப் பாருங்கள், இடையில் நான்கு மாதம். தாமிரபரணிக் கரையில் ஒரு நிலையம் பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று எண்ணி எத்தனை தடவை பெருமூச்சு விட்டிருப்பேனோ.

அப்படி ஒரு பதிவு என்னிடமும் உண்டு. ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கு மாற்றியது. வாசித்தவர் பெயர் உறையில் இல்லை. ‘கலியாணம், கரகரப்பிரியா’ என்று பென்சிலில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். தொடக்கத்தில் சீவாளியை வாயில் நனைத்துச் சோதிக்கும் கீச்சொலி. கெண்டையில் அதைப் பொருத்தி இரண்டு ஊது ஊதிவிட்டு, திருப்தியில்லாமல் வேறொன்று எடுக்கிறார். ஒத்துக்காரர் மட்டும் நிறுத்தாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். தவிலின் வார் இறுகும் சத்தம். யாரோ “பந்தியில எல போட்டாச்சு, வாங்க அண்ணாச்சி” என்கிறார். அண்ணாச்சி போகவில்லை போலிருக்கிறது, ஏனென்றால் பின்னால் “பலே” என்ற குரல் அவருடையதாகத்தான் இருக்கவேண்டும். இந்தக் கேசட்டை நகரத்தில் ஒரு கடையில் குறுந்தகடாக மாற்றக் கொடுத்தேன். பேச்சு, இருமல், வெடிச் சத்தம், சீவாளிச் சோதனை அத்தனையையும் வழித்துத் துடைத்து, தவில் தனியையும் ‘நீளமா இருந்துது சார்’ என்று நறுக்கி, நல்ல மனசோடு திருப்பிக் கொடுத்தார்கள். மூலக் கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்ததால் பிழைத்தேன்.

இந்தத் துப்புரவு வேலை நம் ஊர்க் கடையோடு நிற்பதில்லை. 1956 ஜூலை 7 இரவு நியூபோர்ட் விழாவில் எலிங்டன் குழு மேடையேறியது. பால் கொன்சால்வஸ் என்பவர் சாக்ஸபோனில் இருபத்தேழு ஆவர்த்தம் தொடர்ந்து வாசிக்க, கூட்டம் எழுந்து ஆடியது. (ட்ரம்பெட் இல்லையே என்று கேட்காதீர்கள், உதாரணம் அவ்வளவு நல்லது.) ஆனால் அவர் நின்றது கொலம்பியா கம்பெனியின் ஒலிவாங்கிக்கு முன்னால் அல்ல. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி வைத்திருந்த வேறொன்றின் முன்னால். கம்பெனியின் நாடாவில் அவர் தூரத்தில் கேட்டார். வெளிவந்த தட்டில் பல பகுதிகள் பிறகு கூடத்தில் வாசித்துச் சேர்த்தவை, கைதட்டலும் ஒட்டியது. வானொலியின் நாடா கிடைத்து, இரண்டையும் இணைத்து, அந்த இரவை உள்ளபடி வெளியிட்டது 1999இல். நல்ல மறுவெளியீடு என்றால் எனக்கு இதுதான். முந்திய மெருகைச் சுரண்டி எடுத்த மறுவெளியீடு.

டொராண்டோவின் மாசி மண்டபத்தில் 1953 மே 15 அன்று டிசி கில்லெஸ்பி ட்ரம்பெட்டும் சார்லி பார்க்கர் சாக்ஸபோனும் வாசித்த கச்சேரி இன்னொரு வகை. அடித்தந்தி வாசித்த மிங்கஸ், தன் ஓசை சரியாக விழவில்லை என்று பிறகு கூடத்தில் அதை மறுபடி வாசித்து மேலே ஏற்றினார். ஒட்டு நீக்கிய வடிவமும் பின்னால் வந்தது. இதில் எனக்கு மிங்கஸ் மேல் கோபமில்லை. நம் பதிவுகளில் நிலைமை நேர்மாறானது: ஒரே ஒரு மைக்கை வைத்துவிட்டால் தவில் எல்லோரையும் மூடிவிடும். தொப்பிப் பக்கம் உறுமுவதும், வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் வெடிப்பதும் நாடாவின் கொள்ளளவைத் தாண்டிச் சிதறும். நாகசுரமே அணசுக்கு நேராக மைக் வைத்தால் கிழியும். பழகியவர்கள் மைக்கைச் சற்றே விலக்கி, உயரத்தில் வைத்தார்கள். எந்தப் புத்தகமும் அவர்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

மறுவெளியீட்டில் பெரிதும் கவனிக்கவேண்டியது வேகம். ஸ்பூல் நாடா நூற்றுக்கு ஆறு பங்கு விரைவாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், ஒரு மணி நேரக் கச்சேரி மூன்றரை நிமிஷம் சுருங்கிவிடும். இன்று பொதுவில் உள்ள நீண்ட பாரி நாகசுரத்தின் சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டையை ஒட்டியது. பழைய திமிரி அதைவிட மிகவும் உயர்ந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் ராஜரத்தினம் பிள்ளையும் சேர்ந்து பாரியைச் செப்பனிட்டதால்தான் இன்றைய ஆழ்ந்த நாதம் நமக்கு வாய்த்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படி உழைத்து இறக்கிய சுருதியை வேகம் தவறிய ஒரு நாடா ஒரே நொடியில் மேலே தூக்கிவிடுகிறது. கேட்கிறவர் ‘அந்தக் காலத்தில் என்ன விறுவிறுப்பு!’ என்று வியக்கிறார். விறுவிறுப்பு வித்வானுடையது அல்ல, மோட்டாருடையது. சரிபார்க்க ஒரு வழி உண்டு: மின்சாரத்தில் ஓடிய கருவி என்றால் நாடாவின் அடியில் மெலிதாக ஒரு ரீங்காரம் படிந்திருக்கும். நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது அலை என்பதால், அந்த ரீங்காரம் ஐம்பதில் அல்லது அதன் மடங்கில் நிற்கும்படி வேகத்தைத் திருத்தலாம். அன்றைய கிராம மின்சாரம் அவ்வளவு ஒழுங்காக வந்ததா என்று கேட்டால், சிரிக்கத்தான் வேண்டும். அப்போது காதையும் அனுபவமுள்ள ஒரு நாகசுரக்காரரையும் நம்பவேண்டும். கடையில் துடைத்து எறியும் ‘இரைச்சலில்’ இந்தத் துப்பும் போய்விடுகிறது.

உறையில் எழுதியிருப்பதை நம்புவதும் ஆபத்து. கிளிஃபர்ட் பிரவுன் என்ற அருமையான ட்ரம்பெட்காரர் 1956 ஜூன் 26 அன்று இருபத்தைந்து வயதில் கார் விபத்தில் இறந்தார். அதற்கு முந்திய இரவு வாசித்தது என்று சொல்லி 1973இல் ஒரு தட்டு வந்தது. கேட்டவர்கள் அழுதார்கள். அந்த வாசிப்பு உண்மையில் ஓராண்டுக்கு முந்தியது என்று ஆய்ந்தவர்கள் பின்னர் காட்டினார்கள். நம் நாடாக்களிலும் ‘கடைசிக் கச்சேரி’ என்று எழுதியவை வேண்டிய மட்டும் உண்டு. ஒரே வித்வானுக்கு இரண்டு, மூன்று கடைசிக் கச்சேரி!

இன்னொரு கசப்பும் சொல்லவேண்டும். குழாய் வந்தபிறகு பல கல்யாண வீடுகளில் மேளக்காரரைக் கூப்பிடுவது குறைந்தது. முகூர்த்த நேரத்துக் கெட்டிமேளம்கூடக் கேசட்டில் வந்தது. யாருடைய வாசிப்பு தட்டில் இருந்ததோ, அவருடைய தம்பி மகனுக்கு அதே தெருவில் வேலை இல்லாமல் போயிற்று. சட்டத்திலும் ஆறுதல் குறைவு. நம் பதிப்புரிமைச் சட்டப்படி வெளியான ஒலிப்பதிவுக்கு அறுபது ஆண்டு பாதுகாப்பு, அதுவும் பதிவு செய்தவருக்கு. வாசித்தவருக்கென்று தனியே உரிமை வந்தது 1994 திருத்தத்தில்தான். ராஜரத்தினம் பிள்ளை காலத்துத் தட்டுகளை இன்று யார் வேண்டுமானாலும் மறுபடி வெளியிடலாம். வெளியிடுகிறவர் வித்வானின் வீட்டுக் கதவைத் தட்டினால் அது அவருடைய பெருந்தன்மை.

சிகாகோவில் 1965 டிசம்பர் 22, 23 இரவுகளில் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் வாசித்த ஏழு அமர்வுகளும் முப்பது ஆண்டு கழித்து எட்டுக் குறுந்தகடுகளாக, ஒன்றும் விடாமல் வந்தன. அதே பாட்டு மறுபடி மறுபடி வரும், ஒவ்வொரு தடவையும் வேறாக. கல்லாப்பெட்டி மணி அடிப்பதும் கேட்கும். சங்கரன்கோவில் ஆடித் தபசில் ஒரு மேளக்குழு புறப்பாட்டிலிருந்து சாமி திரும்பும் வரை வாசித்ததை, மல்லாரி, வீதி மூலையில் மாறும் எதிரொலி, தேங்காய் உடையும் சத்தம் எல்லாவற்றோடும் இப்படி ஒரு பெட்டியில் கேட்க எனக்கு ஆசை.

அதற்கு முதலில் நாடா வேண்டும். மேலநீலிதநல்லூர், தேவர்குளம், சங்கரன்கோவில் வட்டாரத்தில் யார் வீட்டுப் பரணிலாவது ஸ்பூல் கிடந்தால், ஆசைப்பட்டு உடனே பழைய கருவியில் போட்டு ஓட்டிப் பார்க்கவேண்டாம், அறுந்துபோகும். வெயிலில் காயவைக்க வேண்டாம், ஸ்பீக்கர் பெட்டிமேல் வைக்கவேண்டாம். காடி வாசம் அடித்தால் நாடா சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், தள்ளிப்போட நேரமில்லை. உறையைத் தூக்கி எறியாதீர்கள். யார் வீட்டுக் கல்யாணம், எந்த வருஷம், தவில் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள், கேசட்டில் அண்ணாச்சியைப் பந்திக்குக் கூப்பிட்டவர் யார் என்பதையும் அப்படியே விசாரித்துக்கொள்கிறேன்.