அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு யார் பொறுப்பு? பாலக்காட்டுத் தெருவும் மூணாற்று லயமும்

கேரளம் 1956-இல் ஒரே மாநிலமாயிற்று. ஆயினும் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டு கழிவுநீர் தேங்கினால் எந்தச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுப்பது என்னும் கேள்விக்கு அம்மாநிலத்தில் 2023 வரை இரண்டு விடைகள் இருந்தன. பழைய மலபாரைச் சேர்ந்த பாலக்காட்டில் 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த இடுக்கியில் 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிப் பொதுச் சுகாதாரச் சட்டம். 2023-இல் வந்த கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டமே இரண்டையும் நீக்கி ஒன்றாக்கியது. இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே ஆனைமலைத் தொடர் கிடக்கிறது. ஆனால் இரண்டும் தமிழக எல்லையில் உள்ளவை. இரண்டிலும் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் சாக்கடைகளை வேறுபடுத்தியது சட்டநூலின் பெயர் மட்டுமன்று. வீட்டில் குடியிருப்பவருக்கு அந்த வீட்டின்மீது என்ன உரிமை இருந்தது என்பதே முதன்மையான வேறுபாடு.

பாலக்காட்டு நகராட்சி 1865-ஆம் ஆண்டுச் சென்னை நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1866-இல் அமைந்தது. கல்பாத்தி, நூரணி போன்ற அக்ரகாரங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்பவை. ஒரு வீட்டின் கழிவுநீர் அடுத்த வீட்டின் எல்லையைத் தொடாமல் வெளியேற முடியாது. அத்தகைய தெருவில் அடைப்பு என்பது உடனே அண்டை வீட்டுச் சச்சரவாகும். சச்சரவைத் தீர்க்கச் சென்னை மாகாண நகராட்சிச் சட்டங்கள், குறிப்பாக 1920-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு கோட்டைக் கிழித்தன: பொதுச் சாக்கடை நகராட்சியுடையது, வீட்டுச் சாக்கடை உடைமையாளருடையது. வீட்டுக்காரர் பழுது பார்க்கத் தவறினால் நகராட்சி நோட்டீஸ் அனுப்பலாம். அதன்பிறகும் அசையாவிட்டால் தானே வேலையை முடித்துச் செலவை வசூலிக்கலாம். நடைமுறை எவ்வளவு மந்தமாயிருந்தாலும், நோட்டீஸைப் பெற ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் வரி கட்டினார், மனுவும் எழுதினார்.

சாக்கடைக்குள் கைவிட்டவர் பெயர் எந்த நோட்டீஸிலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேரள நகரங்களின் துப்புரவுப் பணிக்குத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து தலித் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. ஆலப்புழையைக் களமாகக் கொண்டு தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் வெளியிட்ட ‘தோட்டியுடெ மகன்’ அந்தத் தமிழ்க் குடும்பங்களின் கதையே. நகராட்சி ஆவணங்களில் அவர்கள் எண்ணிக்கையாக மட்டும் வருவார்கள். நாவலில்தான் பெயரோடு வருகிறார்கள்.

மூணாற்றில் நிலைமை அடியோடு வேறு. 1877-இல் பூஞ்ஞாறு தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற மலைநிலம், 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனியின் கைக்கு வந்தது. நிலம், பாதை, கடை, மருத்துவமனை, குடியிருப்பு யாவும் ஒரே உடைமை. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தொழிலாளர்கள் லயங்களில் தங்கவைக்கப்பட்டனர். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்த அறைகள். வரிசை முழுவதற்கும் ஒரே திறந்த வாய்க்கால். மேல்முனை வீட்டில் ஊற்றிய நீர் கீழ்முனை வீட்டு வாசலைக் கடந்தே போகவேண்டும். எனவே லயத்தில் அடைப்பின் துன்பம் எல்லாருக்கும் சமமன்று. கடைசி வீட்டுக்கே மிகுதி.

அந்த வாய்க்கால் ஏன் திரும்பத் திரும்ப அடைத்தது என்பதற்கு மலையே பாதி விடை. கழிவுநீர் தன் கசட்டைத் தானே இழுத்துச்செல்ல நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகம் வேண்டும் என்பது பொறியியலாளர் கணக்கு. சரிவில் அந்த வேகம் கிடைக்கும். லயம் கட்டுவதற்காகச் சமன்செய்த தளத்தில் கிடைக்காது. சரிவிலிருந்து மழை அடித்துவரும் மண்ணும் சருகும் சரியாக அங்கேதான் படியும். அதன்மேல் விறகடுப்புச் சாம்பல், பாத்திரம் கழுவிய நீரில் வரும் சோற்றுப் பருக்கை, கஞ்சிப் பசை. எண்ணெய்ப் பிசுக்கோ தாழ்நிலத்திலும் மலையிலும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையும். பாலக்காட்டு வெயிலில் ஆண்டின் பெரும்பகுதி திரவமாகவே ஓடிவிடும் அது, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் இரவுக்குள் மெழுகாகிச் சாம்பலையும் மண்ணையும் பிடித்து இறுக்கும். தை மாத இரவுகளில் அங்கே வெப்பநிலை பூச்சியத்தை நெருங்குவதுண்டு.

மலையின் பங்கு இவ்வளவே. மீதிப் பாதியை அறியத் தேயிலைக் காட்டுக்குள் செல்ல வேண்டும். அங்கும் வாய்க்கால்கள் உண்டு. சரிவின் குறுக்கே வெட்டிய வடிகால்கள், இடையிடையே மண் தங்கும் குழிகள். மழைக்கு முன் அவற்றைத் தூர்வாருவது கூலி கொடுத்துச் செய்யும் வேலை. இலங்கை மலையகத் தமிழில் அதற்கு ஒரு சொல்லே உண்டு: கான் வெட்டு. மலைக் கான் அடைத்தால் மேல்மண் போகும், விளைச்சல் குறையும். ஆகவே அதற்கு ஆளும் நாளும் ஒதுக்கப்பட்டன. லயத்து வாய்க்கால் அடைத்தால் கணக்கில் எதுவும் குறைவதில்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வேலைநாள் இழப்பாகத் தெரிந்தபோது மட்டும் நிர்வாகங்களின் பார்வை லயத்தின் பக்கம் திரும்பியது. 1910-களில் இலங்கைத் தோட்டங்களில் ராக்பெல்லர் அறக்கட்டளை நடத்திய கொக்கிப்புழு ஒழிப்பும் இத்தகைய கணக்கோடு பொருந்தியதால்தான் தோட்ட உரிமையாளரிடம் எடுபட்டது எனலாம்.

சட்டம் இந்த இடைவெளியை நிரப்பியதா? 1931-இல் அரச தொழிலாளர் ஆணையம் தோட்டப் பகுதிகளுக்கெனச் சுகாதார நல வாரியங்களைப் பரிந்துரைத்தது. 1946-இல் டி. வி. ரெகேயின் அறிக்கை தோட்டத் தொழிலாளர் நிலையை விரிவாகப் பதிவு செய்தது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் 9-ஆம் பிரிவு கழிப்பிடத்தைச் சொன்னது. 15-ஆம் பிரிவு வீட்டை அமைத்துப் பராமரிக்கும் கடமையை முதலாளிமேல் வைத்தது. 17-ஆம் பிரிவு குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றைக்கூடப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. வீட்டுச் சாக்கடைக்கு அச்சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கவில்லை. பராமரிப்பு என்னும் சொல்லுக்குள் அதுவும் அடங்கும் என வாதிடலாம். எஞ்சியதை மாநில விதிகளுக்கு விட்டுவிட்டது. மூன்று ஆண்டுக்கு முந்தைய 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவோ, ஈரமாகும் தொழிற்சாலைத் தளத்துக்கு நீர் வடியும் ஏற்பாட்டை வெளிப்படையாகவே கட்டாயமாக்கியது. ஒரே தோட்டத்தில் தொழிற்கூடத்தின் தரைக்குக் கிடைத்த தெளிவு தொழிலாளியின் வாசலுக்குக் கிடைக்கவில்லை. 1981-ஆம் ஆண்டுத் திருத்தம் லயம் இடிந்து நேரும் விபத்துகளுக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. சுவர் விழுந்தால் பொறுப்பு தெளிவு. அந்தச் சுவரின் அடியில் ஆண்டுக்கணக்காக ஊறிய நீருக்குப் பொறுப்பு அத்தனை தெளிவன்று.

லயத்துக் குடியிருப்பு வேலையோடு வருவது, வேலையோடு போவது. ஓய்வுபெற்றால் வீட்டை விட வேண்டும். இந்த நிலையில் ஒரு குடும்பம் தன் கைப்பணத்தில் குழாய் பதிக்காததை அலட்சியம் என்று சொல்வது எளிது. உடைமையில்லாத தரையைத் தோண்ட யாருக்கும் உரிமையும் இல்லை, ஊக்கமும் இல்லை. வாரும் வேலை மட்டும், கொழுந்தெடுத்துத் திரும்பும் பெண்களின் மாலைநேரத்தில் சேர்ந்துகொண்டது. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் போனசுக்காகத் தெருவுக்கு வந்தபோது, பெண்பிள்ளை ஒற்றுமை என்று அறியப்பட்ட அந்தப் போராட்டம் லயங்களின் நிலையையும் கேரளத்தின் முன் வைத்தது. போனஸ் கோரிக்கை சில நாள்களில் தீர்ந்தது. வீடுகள் அவ்வளவு விரைவாகத் தீரக்கூடிய கோரிக்கை அல்ல.

பொதுநிதி தோட்ட எல்லைக்குள் நுழைய முடியாத நிலை இலங்கையில் இன்னும் அப்பட்டமாக இருந்தது. 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைகள் செலவிடுவதைத் தடுத்தது. வாக்காளர்களாக இருந்தும் லயத்து மக்களின் வடிகானுக்குச் சபை பணம் தர இயலவில்லை. 2018-இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. கேரளத்துத் தோட்ட ஊராட்சிகளை ஆராய்வோருக்கு இந்த ஒப்பீடு பயன்படும்.

வரலாற்றின் நினைவில் பெருவெள்ளங்களே நிற்கின்றன. 1924-இன் வெள்ளம் மூணாற்று ரயில்பாதையை அழித்தது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியின் லயங்கள்மீது மலை சரிந்து 70 உயிர்கள் போயின. அவற்றுக்கு ஆண்டும் அறிக்கையும் உண்டு. வாசலில் தேங்கிய நீருக்கு அத்தகைய ஆவணம் இல்லை. பாலக்காட்டுச் சாக்கடையை நகராட்சித் தீர்மானங்களில் தேடலாம். லயத்து வாய்க்காலைத் தேட வேண்டிய இடம் தோட்டக் கணக்கேடுகள், மருத்துவ அலுவலர் அறிக்கைகள், தொழிற்சங்க மனுக்கள். ஏதேனும் ஒரு தோட்டத்தில், ஒரே பத்தாண்டில், மலை வடிகாலுக்கு எழுதிய கூலியையும் லயப் பழுதுக்கு எழுதிய தொகையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஒரு முதுகலை மாணவரால் முடியக்கூடிய வேலைதான்.