புது கீசர் வாங்கியும் அதே உப்புப் படிவம்: கோளாறு கீசரிலா, தண்ணீரிலா?

பெங்களூருவில் போர்வெல், டேங்கர் தண்ணீரை நம்பியிருக்கும் அடுக்குமாடியில் நீங்கள் குடியிருந்தால் இது பழகிய கதை. ஷவர் துளைகளில் வெள்ளைப் படிவம், நுரைக்காத ஷாம்பு, அடிக்கடி காயில் போகும் கீசர். புது கீசரும் பாத்ரூம் குழாயில் மாட்ட ஒரு ஃபில்டரும் வாங்குகிறீர்கள். சில மாதங்களில் பழைய கதைதான்.

இங்கே பலரும் முதலில் கருவியை வாங்குகிறார்கள், தண்ணீரை அளப்பதே இல்லை. அளக்க வேண்டியது கடினத்தன்மையை. அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. தண்ணீர் சூடாகும்போது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து காயில் மேல் படியும். சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் காயிலிலேயே தேங்க, அது எரிந்துபோகும். எந்த பிராண்டாக இருந்தாலும் இதேதான்.

விற்க வருபவர் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டுவார். அது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு. அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று சொல்லாது. சொட்டு விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் டெஸ்ட் கிட் சொல்லும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-இன்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை. இது குடிப்பதற்கான வரம்பு. கீசருக்கு 200-ஏ தொல்லைதான்.

<b>குழாய் ஃபில்டர் ஏன் போதாது?</b>

ஒரு கணக்குப் போடுவோம். சாஃப்ட்னரில் இருக்கும் ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், 100 லிட்டரிலேயே ரெசின் நிரம்பிவிடும். பிறகு உப்புக்கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். ஷவரில் மாட்டும் குட்டி கார்ட்ரிட்ஜில் 200 மில்லி ரெசின் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு பக்கெட்டோடு கதை முடிந்தது! கார்பன் வகை ஃபில்டர்களோ குளோரினை எடுக்கும், கால்சியத்தைத் தொடாது.

இன்னொன்று: நல்ல சாஃப்ட்னர் மாட்டினாலும் டிடிஎஸ் குறையாது. கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். மீட்டரைக் காட்டி டெக்னீஷியனிடம் சண்டை போட வேண்டாம்.

சரி, முழு வீட்டுக்கும் பெரிய சாஃப்ட்னர் வாங்கிவிடலாமா? அங்கேதான் சிக்கல். பல அடுக்குமாடிகளில் மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் தனித்தனிக் குழாய் இறங்குகிறது. உங்கள் ஃபிளாட்டுக்கு என்று ஒரே நுழைவாய் இல்லை. மேல்மாடி என்றால் அழுத்தமும் குறைவு. தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது சுமார் 0.3 பார். அதில் ஃபில்டரும் சேர்ந்தால் ஷவர் சொட்டும்.

ஆக, சாஃப்ட்னர் இருக்க வேண்டிய இடம் கட்டடத்தின் சம்ப்புக்கும் மாடித் தொட்டிக்கும் நடுவில். அது அசோசியேஷன் வேலை. ஏற்கெனவே இருந்தால், எத்தனை லிட்டருக்கு ஒருமுறை உப்பு விட்டுக் கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். காவிரி, போர்வெல், டேங்கர் எல்லாம் ஒரே சம்ப்பில் கலந்தால் கடினத்தன்மை வாரத்துக்கு வாரம் மாறும். ஒருமுறை செட் செய்துவிட்டு மறந்துவிட முடியாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தெர்மோஸ்டாட்டை 50–55 டிகிரிக்கு இறக்குங்கள்; சூடு குறைந்தால் படிவமும் குறையும். வருடம் ஒருமுறை கீசரைத் திறந்து படிவத்தைச் சுரண்டச் சொல்லுங்கள். அப்போதே, தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். புது கீசரோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.