எழுத்தைக் காட்டும் நிழல்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை இலக்கிய வாசகர்கள் காரைக்கால் அம்மையாராலும் பழையனூர் நீலியாலும் அறிவர். வரலாற்று மாணவர்க்கோ அவ்வூரின் பெருமை 1905-இல் அங்குக் கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள். மொத்தம் 31 ஏடுகள். பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த செய்தியைச் சொல்லும் அவற்றை எச். கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்தார். 1920-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் வெளிவந்தன. நாம் படிப்பதெல்லாம் அந்த அச்சு வடிவத்தைத்தான். செம்பின் கீறலுக்கும் அச்செழுத்துக்கும் இடையே ஒரு படி இருக்கிறது. அந்தப் படி பிழைபட்டால் வரலாறும் பிழைபடும்.

படியெடுக்க நம்மவர் பெரிதும் நம்பியது மைப்படியை. ஈரத்தாளைக் கல்லின்மேல் விரித்துத் தூரிகையால் தட்டி, மை ஒற்றினால் கருப்புப் பரப்பில் எழுத்துகள் வெள்ளையாக எழும். இதற்கு வெளிச்சத்தின் தயவு வேண்டியதில்லை. ஆனால் கல் உதிரும் நிலையில் இருந்தாலோ, தொட அனுமதி இல்லாவிட்டாலோ மைப்படி கைகொடுக்காது. அங்கே நிழற்படமே கதி.

நிழற்படமும் புதிதன்று. சென்னை மாகாண அரசுக்காகப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அவருக்குக் கதிரவன் துணையிருந்தான். பல கோயில்களில் அப்படியில்லை. பிற்காலத்தார் கட்டிய மண்டபங்களும் சுற்றுச்சுவர்களும் பழைய கல்வெட்டுகளை இருளில் மூடிவிட்டன.

இருளில் படமெடுக்க வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டியிருந்தது. 1865-இல் பியாட்சி ஸ்மித் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் மெக்னீசியத்தை எரித்துப் படமெடுத்தார். 1887-இல் ஜெர்மனியில் மெக்னீசியப் பொடி வந்தது. அதன் புகையும் தீயும் கருவறைப் பக்கம் நினைத்துப் பார்க்கத் தக்கவையல்ல. 1930-களில் எட்ஜர்ட்டன் செம்மைப்படுத்திய மின்ஃப்ளாஷ்தான் நம் கையிலிருப்பதன் மூதாதை.

கருவி வந்தது, ஆனால் அதைக் கேமராவின் தலைமேல் பொருத்தி நேரே சுடும் பழக்கமும் உடன் வந்தது. எழுத்து என்பது கல்லில் ஒரு பள்ளம். பள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அதன் விளிம்பு வீசும் நிழல். நேர் எதிரே வரும் ஒளி அந்த நிழலைத் துடைத்துவிடுகிறது. சுவரில் அடித்த சுண்ணாம்பு செய்யும் வேலையையே அதுவும் செய்கிறது என்பது எங்கள் எண்ணம். செப்பேட்டிலோ இன்னும் மோசம். உலோகம் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்ப, நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டுமே மிஞ்சும்.

ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, பரப்பை உரசுவதுபோல் 15 அல்லது 20 பாகைச் சாய்வில் பக்கத்திலிருந்து வீசச் செய்ய வேண்டும். அப்போதும் ஒரு பொறி உண்டு. ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் கோடு நிழல் தராது. 'ப' என்னும் எழுத்தை இடப்புறமிருந்து ஒளியிட்டால் இரண்டு நெடுங்கோடுகளும் துலங்கும், அடிக்கோடு மங்கும். மேலிருந்து ஒளியிட்டால் அடிக்கோடு மட்டும் நிற்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலிருக்கும். இத்தகைய எழுத்தில், கல் சிதைந்த சிறு குழி ஒரு புள்ளியாகத் தோன்றினால் படிப்பவர் என்ன செய்வார்? ஆகவே ஒரே இடத்தைக் குறைந்தது இரண்டு திசை ஒளியில் எடுப்பதே முறை.

மிக நெருங்கி எடுக்கும்போது வேறொரு சிக்கல். உருவம் அசலின் அளவுக்கே படத்தில் விழும்படி நெருங்கினால், லென்ஸ் வழி வரும் ஒளி கால்பங்காகக் குறைகிறது. தெளிவின் ஆழத்துக்காகத் துளையையும் சுருக்க வேண்டும். ஃப்ளாஷ் இன்றி இருளில் இது நடவாது. ஆனால் ஃப்ளாஷை ஓரடியில் வைத்தால், இரண்டடி தள்ளியிருக்கும் எழுத்துக்குக் கால்பங்கு ஒளியே போய்ச் சேரும். சற்றே பின்னால் நகர்த்தி, எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் போதும். செம்புக்கு ஃப்ளாஷின் முன் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி.

இதே மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்ட கற்கருவிகளுக்கும் இது பொருந்தும். கைக்கோடரியின் செதுக்குத் தழும்புகளில் எது முந்தியது, எது பிந்தியது என்பதைச் சாய்வொளியே காட்டும். அவற்றை இடப்பக்க மேல்மூலை ஒளியில் காட்டுவது தொல்லியல் மரபு. ஒளியைக் கீழிருந்து விட்டால் பள்ளம் மேடாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். (அதே ஊரின் மண்ணடுக்குகளுக்கு ஒளிர்வு முறையில் காலம் கணிக்க, மணல் மாதிரியை வெளிச்சமே படாமல் எடுக்க வேண்டும் என்பது ஒரு வேடிக்கை.)

2001-இல் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வகுத்த முறை இதை நெடுந்தூரம் கொண்டுசென்றது. கேமராவை அசைக்காமல், ஒளியைப் பல திசைகளுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுக்கப்படுகின்றன. கணினி அவற்றை இணைத்தபின், படிப்பவர் திரையிலேயே ஒளியின் திசையை மாற்றிப் பார்க்கலாம்.

அவ்வளவு ஏற்பாடு இல்லாத இடத்திலும் ஒன்று செய்யலாம். திருப்பணியின்போது மணல்வீச்சுப் பட்ட சுவரில் எழுத்து திரும்புவதில்லை. முன்பு எடுத்த படமே சான்றாக எஞ்சும். படத்தில் அளவுகோல் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதனருகே ஒளி வந்த திசையைக் காட்டும் ஓர் அம்புக்குறியையும் வைத்துவிட்டால், அந்தப் புள்ளி எழுத்தா சிதைவா என்று பின்னால் படிப்பவர் தாமே ஆராய்ந்துகொள்வார்.