துணையிழந்தோரின் இருப்புணர்வு

துணையிழந்தோரின் இருப்புணர்வு என்பது, கணவனையோ மனைவியையோ இழந்து துயருறும் ஒருவர், இறந்தவர் தம் அருகில் இருப்பதாக உணர்வதைக் குறிக்கும். உருவம் காணல், குரல் கேட்டல், தொடுகை உணர்தல் ஆகியனவும் இதில் அடங்கும். இது பெரும்பாலும் இயல்பான துயரின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

ஆய்வுகள்

வேல்சில் பணியாற்றிய மருத்துவர் டெவி ரீசு, கணவனை இழந்த 227 பெண்களையும் மனைவியை இழந்த 66 ஆண்களையும் உசாவித் தம் முடிவுகளை 1971 இல் வெளியிட்டார். அவர்களுள் ஏறத்தாழ 47% பேர் இத்தகைய பட்டறிவு உடையவர்கள். அருகிருப்பதாக உணர்ந்தோர் 39%, உருவம் கண்டோர் 14%, குரல் கேட்டோர் 13% ஆவர். இப்பட்டறிவு பெற்றோரில் பெரும்பாலோருக்கு அது ஆறுதலளித்தது. எனினும் அவர்களுள் 72% பேர் அதுவரை எவரிடமும் அதைக் கூறியிருக்கவில்லை.

முன்னோர் வழிபாடு நிலவும் சப்பானில், 1969 இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், டோக்கியோவின் 20 கைம்பெண்களுள் 18 பேர் கணவரின் இருப்பை உணர்ந்ததாகக் கூறினர்.

தமிழர் வழக்கில்

தியாகதுருகம் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய தென்னார்க்காடு உள்ளிட்ட வட தமிழகத்தில், சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என வழிபடும் வழக்கம் உண்டு. திருமணம் முதலிய நிகழ்வுகளுக்கு முன் புதுச்சேலை வைத்துப் படையலிடுவர். பம்பை, உடுக்கை முழங்க நீர்நிலையிலிருந்து அவரை வீட்டுக்கு அழைப்பதும் உண்டு. அப்போது குடும்பத்தாருள் ஒருவர்மீது இறங்கி அவர் பேசுவதாக நம்பப்படுகிறது. மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் 2000 இல் வெளியான தமது நூலில் இச்சடங்கை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இச்சடங்கில் இறந்தவரின் வருகை தனியொருவரின் மறைபொருளாக இராது, உறவினர் அறிய நிகழ்கிறது. ஆனால் கைம்பெண்களை மங்கல நிகழ்வுகளிலிருந்து விலக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருப்பதால், இறந்த மனைவிக்குக் கிடைக்கும் இடம் கணவனை இழந்து வாழும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை.

மருத்துவப் பார்வை

இறந்தவருடனான பற்றை அறுப்பதே துயரின் முடிவு என்னும் கருத்து 20ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1996 இல் கிளாசு, சில்வர்மன், நிக்மன் ஆகியோர் தொகுத்த நூல், அப்பிணைப்பு வேறு வடிவில் தொடர்வது இயல்பே என வாதிட்டது.

இருப்புணர்வு மட்டும் உளநோய்க்கான அறிகுறி ஆகாது. 2022 இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின்படி, கடுந்துயர் ஆறு மாதங்களுக்கு மேலும் தணியாது அன்றாட வாழ்வைக் குலைத்தால் அது நீடித்த துயர்க் கோளாறாகக் கருதப்படலாம். உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் குரல் கேட்டால் உடனே மருத்துவ உதவி பெறுதல் வேண்டும். இந்தியாவில் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் உளநல ஆலோசனை பெறலாம்.