புழல் கோட்டம்

பண்டைத் தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று. சென்னைக்கு வடமேற்கே செங்குன்றத்தை ஒட்டியுள்ள புழல் இதன் தலைமையூர். திருவொற்றியூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் ஆகிய ஊர்கள் இதில் அடங்கின. தெற்கே புலியூர்க் கோட்டம். பூவிருந்தவல்லியை அடுத்த மாங்காடும் சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் அதைச் சேர்ந்தவை.

கோட்டம் என்ற சொல்லுக்கு வளைவு, சூழப்பட்ட இடம், கோயில் என்று பல பொருள் உண்டு. கோட்டை என்பதோடு அதைத் தொடர்புபடுத்துவோரும் உளர். 24 கோட்டம், 79 நாடு, 1,900 நத்தம் என்பது தொண்டைமண்டலத்துக்கு மரபாகச் சொல்லப்படும் கணக்கு. மிராசு உரிமை பற்றி 1818இல் எழுதிய எல்லிஸ் துரை இம்மரபைப் பதிந்துள்ளார். ஓர் அரண், அதைச் சுற்றி ஏரியும் வயலும் மேய்ச்சல் நிலமும், தனக்கென ஒரு தலைவன் என்ற அமைப்பைப் பார்க்கும்போது கிரேக்க நகர அரசுகளின் நினைவு வரும். ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் அளவில் பெரியவை; மற்றவற்றுள் பல நம் கோட்டங்களைப் போலச் சிறியவையே. ஆனால் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்சு தோற்ற போரை ஏதென்சின் தளபதியாக இருந்த தூசிடிடீசே எழுதி வைத்தார். புழலின் போரைத் தோற்றவர் பக்கம் நின்று சொல்லும் ஏடு கிடையாது.

குறும்பர் காலம்

புழலை ஆண்டவர்கள் குறும்பர் என்பது மரபு. பழந்தமிழில் குறும்பு என்றால் சிற்றரண். அரணுக்குரியவர் ஆதலால் குறும்பர் ஆயினர் என்பர் ஒரு சாரார். ஆடு மேய்க்கும் குறும்பர் குடியினரே இவர்கள் என்பர் வேறு சிலர். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை.

இவர்களைப் பற்றிய விரிவான கதை, காலின் மெக்கன்சி (1754–1821) ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளில் கிடைக்கிறது. குஸ்தாவ் ஆப்பர்ட் 1893இல் வெளியிட்ட நூலிலும் இக்கதையை எடுத்தாண்டார். அதன்படி காமண்டன் என்னும் குறும்ப அரசன் புழலில் கோட்டை கட்டி, நாட்டை 24 கோட்டைகளாகப் பிரித்து ஆண்டான். சமணத் துறவி ஒருவரின் சொல்லுக்குச் செவிசாய்த்துப் பசதி (சமணக் கோயில்) எழுப்பினான். புழலில் ஆதிநாதருக்கு இன்றும் கோயில் இருப்பதை இதனோடு இணைத்துப் பேசுவது வழக்கம். சோழரும் பாண்டியரும் பலமுறை படையெடுத்தும் கோட்டை விழவில்லை. கடைசியில் குலோத்துங்க சோழனின் மகன் ஆதொண்டன் வந்தான். முதல் போரில் அவனும் தோற்றான். அவன் பின்வாங்கித் தங்கிய இடமே சோழன்பேடு எனப்பட்டதாம். திருமுல்லைவாயில் பக்கத்தில் சோழம்பேடு என்ற பெயர் இன்றும் புழங்குகிறது.

திருமுல்லைவாயில் தலபுராணம் இதே போரை வேறு விதமாகச் சொல்கிறது. இங்கே மன்னன் தொண்டைமான். எதிரிகள் ஓணன், வாணன் என்னும் குறும்பர் (வாணனைக் காந்தன் என்பாரும் உண்டு). தோற்றுத் திரும்பும் வழியில் யானையின் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொள்கிறது. தொண்டைமான் வாளால் கொடியை வெட்ட, அடியிலிருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து குருதி பெருகுகிறது. பதைத்த மன்னன் அதே வாளைத் தன் கழுத்தில் வைக்கிறான். இறைவன் காட்சி தந்து, துணைக்கு நந்தியை அனுப்புகிறார். அதனால்தான் மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி மூலவரைப் பாராமல், போருக்குக் கிளம்பும் கோலத்தில் மறுபுறம் திரும்பியிருக்கிறது. லிங்கத்தின் வெட்டுக்காயத்துக்கு ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு.

எது முந்தியது? எட்டாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சுந்தரர் இத்தலத்தைப் பாடிய பதிகத்தில் தொண்டைமானின் களிறும், அதைக் கட்டிய முல்லைக் கொடியும் வந்துவிடுகின்றன. அந்தப் பாட்டில் குறும்பர் பெயர் இல்லை. மெக்கன்சி சுவடிக் கதையின் குலோத்துங்கனை முதலாம் குலோத்துங்கன் (1070–1120) எனக் கொண்டால், கதை பதிகத்துக்கு முந்நூறு ஆண்டு பிந்திவிடும். தொண்டைமானைப் பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் இளந்திரையனாகக் கொள்வோரோ சங்க காலத்துக்கே போய்விடுகின்றனர். வெவ்வேறு காலத்துப் போர்கள் ஒரே கதையாகத் திரண்டிருக்கலாம்.

எப்படியானாலும் கதையின் முடிவில் புழல் கோட்டை விழுந்தது. வெற்றிப் பொருள்களைப் பற்றியும் இரண்டு மரபுகள். கோட்டையின் பித்தளைக் கதவு தஞ்சைக்குப் போயிற்று என்கிறது சுவடி. கதவும் தூண்களும் முல்லைவாயிலுக்கே வந்தன என்கிறது கோயில் மரபு. அந்தத் தூண்கள் எருக்கந்தூண்கள் எனப்படுகின்றன. கருவறைக்கு முன்னால் இரண்டு நிற்கின்றன. எருக்கு வேலியோரத்தில் முளைக்கும் செடி, ஒடித்தால் பால் வடியும், தண்டு மென்மையானது. அது தூணாகும் அளவுக்குப் பருத்ததா என்ற கேள்வி எழுவது இயல்பே. எனினும் கோட்டத்தின் பழங்கதை முழுவதிலும், தோற்றவருடையவை என்று அருகே போய் நின்று பார்க்கக் கிடைப்பவை இவ்விரண்டுதான். கி.மு. 425இல் பைலோசில் சரணடைந்த ஸ்பார்ட்டரின் கேடயங்களை ஏதென்சார் ஊர் நடுவே தொங்கவிட்டனர். ஏறத்தாழ 600 ஆண்டு கழித்துச் சென்ற கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசனியாஸ், தார் பூசிக் காக்கப்பட்ட அவற்றைக் கண்டு எழுதினார். அகழாய்வில் ஒரு கேடயம் கிடைத்தும் உள்ளது. வென்றவன் பறித்து வந்த பொருளே, தோற்றவன் ஒருவன் இருந்தான் என்பதற்குச் சாட்சி ஆகிறது.

சோழர் காலம்

பல்லவருக்குப் பின் தொண்டைமண்டலம் சோழர் கைக்கு வந்தது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டபின், சில காலம் இராட்டிரகூடர் வசம் இருந்தது. முதலாம் இராசராசன் காலத்தில் சயங்கொண்ட சோழமண்டலம் எனப் பெயர் பெற்றது.

அரசர் மாறினாலும் ஊர்ச் சபைகள் நிலைத்தன. உத்தம சோழன் காலத்துத் திருமுல்லைவாயில் கல்வெட்டு ஒன்று, அவன் தாய் செம்பியன் மாதேவி குரட்டூர்ச் சபையாரிடம் அம்பத்தூர் நிலத்தை வாங்கிக் கோயிலுக்கு அளித்ததைச் சொல்கிறது. குரட்டூரே இன்றைய கொரட்டூர். அரசனைப் பெற்றவளும் சபையிடம் விலை பேசித்தான் நிலம் வாங்கினாள் என்பது கவனிக்கத்தக்கது.

இத்தகைய சபை எப்படி அமைந்தது என்பதைக் காலியூர்க் கோட்டத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) காட்டுகின்றன. 30 குடும்புகளிலிருந்தும் (ஊர்ப் பிரிவுகள்) பெயரோலை திரட்டிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். இறை செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும். கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர் உறவினர் பெயரும் குடத்தில் விழக் கூடாது. ஏதென்சிலும் ஐந்நூற்றுவர் அவைக்குச் சீட்டு முறையில்தான் ஆள் எடுத்தனர். அங்கே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. இங்கே நிலமுள்ள பிராமண ஆடவர்க்கு மட்டுமே இடம்.

பிற்காலம்

விசயநகரக் காலத்தின் இறுதியில் இப்பகுதி தாமர்ல நாயக்கர் வசம் இருந்தது. 1639இல் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கிடைக்கக் காரணமான ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் இருந்தவர். 1763இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சாகிரைக் கம்பெனிக்குக் கொடுத்தார். கோட்டம் என்ற பிரிவு வழக்கொழிந்தது. 1870களில் புழல் ஏரி சென்னைக்குக் குடிநீர் தரத் தொடங்கியது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. திருமுல்லைவாயில் அடங்கிய ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று.

அம்பத்தூருக்கும் அண்ணனூருக்கும் இடையே உள்ளது திருமுல்லைவாயில் ரயில் நிலையம். சித்திரைச் சதயத்தன்று மூலவரின் சந்தனக்காப்பு களையப்படும். லிங்கத்தை அதன் இயல்பான உருவில் ஆண்டில் அப்போது மட்டுமே காணலாம்.