பார்சல் எங்க இருக்கு? டிராக்கிங் நம்பரின் கதை

இன்னைக்கு எபிசோடு 13 எழுத்து நீளமுள்ள ஒரு விஷயத்தைப் பத்தி. நீங்க எல்லாரும் அதை காப்பி பண்ணி, பேஸ்ட் பண்ணி, ரெஃப்ரெஷ் பண்ணி, திட்டியிருப்பீங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற பார்சலோட டிராக்கிங் நம்பர்.

இதை நான் தேடிப் படிச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. போன வருஷம் அப்பாவோட காது மெஷின்ல ஒரு சின்ன வயர் போயிடுச்சு. மெஷின் நல்லாத்தான் இருக்கு, வயர்தான் பிரச்சினை. "இந்த மாடலுக்கு இப்போ ஸ்பேர் வர்றதில்ல சார், புதுசா வாங்கிடுங்க"ன்னு கடையில சொல்லிட்டாங்க. புதுசு விலையைக் கேட்டதும் அப்பா எழுந்து வெளியே வந்துட்டாரு. அப்புறம் தேடித் தேடி ஐரோப்பாவுல ஒரு ஆன்லைன் கடையில அந்த வயரைப் பிடிச்சு ஆர்டர் போட்டேன். நாலு நாள்ல டிராக்கிங் நம்பர் வந்துச்சு. ஒரு வாரத்துல "நாட்டை விட்டுக் கிளம்பியது"ன்னு காட்டுச்சு. அதோட நின்னுபோச்சு. 22 நாள் அதே வரிதான்.

தினமும் சாயங்காலம் அப்பா "எங்க இருக்கு?"ன்னு கேட்பாரு. மெஷின் இல்லாததால நான் கத்தித்தான் பதில் சொல்லணும். "கிளம்பிடுச்சுப்பா!" எங்க பார்சல் கிளம்பின விஷயம் தெருவுக்கே தெரியும். ஒரு நாள் அப்பா வேற ஒரு கேள்வி கேட்டாரு: "கிளம்பிடுச்சு சரி, யாரு கையெழுத்து போட்டு வாங்கினாங்க?"

நான் சிரிச்சேன். இந்தக் காலத்துல கையெழுத்தா? ஆனா படிக்கப் படிக்கத்தான் புரிஞ்சது, அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

நம்ம தலைமுறைக்கு டிராக்கிங்னாலே மேப்ல நகருற ஒரு புள்ளி. சாப்பாடு ஆர்டர் பண்ணா பைக் நகருது, கேப் புக் பண்ணா கார் நகருது. அதனால பார்சலையும் யாரோ தொடர்ந்து பார்த்துக்கிட்டே இருக்காங்கன்னு நினைச்சுக்கிறோம். அப்படி யாரும் பார்க்கறதில்ல. பார்சலுக்குள்ள ஜி.பி.எஸ். கிடையாது. நீங்க பார்க்கறது ஒரு லாக் ஃபைல். ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்கு மாறின ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதப்படுது. கை மாறலைன்னா வரி இல்லை. இந்தப் பழக்கம் கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது.

1840-ல பிரிட்டன்ல ரோலண்ட் ஹில் கொண்டுவந்த ஒரு பென்னி தபால் தொடங்குச்சு. நாட்டுக்குள்ள எங்கே அனுப்பினாலும் சாதாரண கடிதத்துக்கு ஒரு பென்னி. கடிதங்கள் குவிஞ்சது, கூடவே உள்ளே பணம் வெச்சு அனுப்புறதும் திருட்டும் பெரிய தலைவலியா இருந்தது. அடுத்த வருஷம், 1841-ல, பதிவுத் தபால் வந்தது. அதுக்குத் தனிக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதாவது 12 பென்னி. சாதாரண கடிதத்தைவிட 12 மடங்கு கூடுதலா குடுத்து மக்கள் வாங்கினது வேகத்தை இல்லை. தபால்காரங்க ஒவ்வொரு கட்டத்திலும் பதிவேட்டுல எழுதி, ரசீது வாங்கிக்கிட்டுத்தான் அடுத்த ஆள்கிட்ட குடுப்பாங்க. கடிதம் தொலைஞ்சா, கடைசியா யாரு வாங்கினதுன்னு பதிவேடு சொல்லும்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், அந்தப் பதிவேடு உங்களுக்கும் எனக்கும் எழுதப்பட்டது இல்லை. தபால் துறை தனக்காக எழுதிக்கிட்டது. யாரு பொறுப்புங்கறது தெரியணும், அவ்வளவுதான். எங்க அப்பா காலத்துல ரெஜிஸ்டர் தபாலோட ஒப்புகை அட்டை ஒட்டி அனுப்புவாங்க. கையெழுத்தோட அந்த அட்டை திரும்பி வந்தா நிம்மதி. நடுவுல கடிதம் எந்த ஊர்ல இருக்குன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

உள்நாட்டுல இது ஓடிடுச்சு. எல்லையைத் தாண்டினா?

19-ம் நூற்றாண்டுல பல நாடுகள் ஒண்ணுக்கொண்ணு தனித்தனியா தபால் ஒப்பந்தம் போட்டு வெச்சிருந்தது. ஒரே கடிதம் எந்த வழியா போகுதுங்கறதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். 1874 அக்டோபர் 9-ம் தேதி, சுவிட்சர்லாந்தோட பெர்ன் நகரத்துல 22 நாடுகள் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க. ஜெர்மன் தபால் அதிகாரி ஹைன்ரிஷ் ஃபான் ஷ்டெஃபான் இதுக்கு முக்கியக் காரணம். அப்படித்தான் இன்னைக்கு நாம சொல்ற உலகத் தபால் ஒன்றியம் பிறந்தது. அக்டோபர் 9 உலகத் தபால் தினமா இருக்கறதுக்குக் காரணமும் இதுதான். இந்தியா 1876-லேயே சேர்ந்துடுச்சு.

அந்த ஒப்பந்தத்துல அழகான ஒரு எளிமை இருந்தது. ஸ்டாம்ப் காசை அனுப்புற நாடே வெச்சுக்கலாம், வாங்கிக் குடுக்குற நாட்டுக்கு எதுவும் தர வேண்டாம். ஏன்னா ஒரு கடிதம் போனா ஒரு பதில் வரும், கணக்கு நேராயிடும். நல்ல நம்பிக்கைதான். ஆனா பத்திரிகை, விளம்பரம், சாமான்னு ஒரு பக்கமாவே குவிய ஆரம்பிச்சா பதில் எங்க இருந்து வரும்? கடைசியில 1969-ல டோக்கியோ மாநாட்டுல, டெலிவரி பண்ற நாட்டுக்கு அனுப்புற நாடு காசு தரணும்னு முடிவாச்சு. இந்தக் காசுக் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க, இதுக்குத் திரும்ப வருவோம்.

அதே 1969-ல அமெரிக்காவுல மூணு பேர் ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. டால்சி, ஹில்ப்ளோம், லின். மூணு பேரோட முதல் எழுத்துக்களும் சேர்ந்தா டி.எச்.எல். சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்து ஹொனலூலுவுக்குக் கப்பல்ல சரக்கு போகும். கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு பேப்பரைப் பார்த்து கஸ்டம்ஸ் வேலை ஆரம்பிச்சா, அதுவரைக்கும் கப்பல் சும்மா நிக்கணும். இவங்க கப்பலோட பேப்பர்களை மட்டும் விமானத்துல எடுத்துக்கிட்டுப் போனாங்க. கப்பல் வர்றதுக்குள்ள கஸ்டம்ஸ் வேலை நடந்துக்கிட்டு இருக்கும். சாமானுக்கு முன்னாடி சாமானைப் பத்தின தகவல் போய்ச் சேரணுங்கற யோசனை இதுதான். இன்னைக்கு சர்வதேச பார்சல் உலகமே இதுமேலதான் நிக்குது.

நாலு வருஷம் கழிச்சு, 1973 ஏப்ரல் 17, மெம்ஃபிஸ். ஃபெடெக்ஸோட முதல் ராத்திரி. 14 சின்ன விமானம், 25 நகரம், மொத்தம் 186 பார்சல். அந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச ஃப்ரெட் ஸ்மித் சீக்கிரமே ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டாரு. பார்சல் எவ்வளவு முக்கியமோ, அதைப் பத்தின தகவலும் அவ்வளவு முக்கியம். 1979-ல காஸ்மாஸ்ங்கற மையக் கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்தது. 1986-ல கூரியர் ஆட்கள் கையில சூப்பர்டிராக்கர்னு ஒரு பார்கோடு ஸ்கேனர். பதிவேடு, பேனா, கையெழுத்து எல்லாம் சேர்ந்து ஒரு "பீப்" சத்தமா மாறினது இங்கதான்.

1994-ல ஃபெடெக்ஸ் அந்த டேட்டாபேஸை வெப்சைட்ல திறந்து விட்டாங்க. அதுவரைக்கும் நீங்க போன் பண்ணி, ஒருத்தர் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லணும். இப்போ நீங்களே பார்த்துக்கலாம், கம்பெனிக்கு போன் செலவு மிச்சம். 1841-ல தபால் துறை தனக்காக எழுதின பதிவேடு, 153 வருஷம் கழிச்சு வாடிக்கையாளர் கைக்கு வந்துடுச்சு. நம்ம ரெஃப்ரெஷ் பண்ற வியாதியும் அன்னைக்கே பிறந்துடுச்சு.

ஆனா ஃபெடெக்ஸ் ஒரே கம்பெனி. முதல் கையில இருந்து கடைசி கை வரைக்கும் ஒரே டேட்டாபேஸ். தபால் அப்படி இல்லை. ஒரு நாட்டுத் தபால் துறை வாங்கும், விமானக் கம்பெனி தூக்கும், இன்னொரு நாட்டுத் தபால் துறை குடுக்கும். எல்லாருக்கும் புரியுற மாதிரி ஒரு பொது நம்பர் வேணும். அதுக்கு உலகத் தபால் ஒன்றியம் வெச்ச தர விதியோட பேர் எஸ் 10. நம்ம 13 எழுத்து அதுதான்.

இதை ஒரு தடவை பிரிச்சுப் பார்ப்போம். முதல் ரெண்டு எழுத்து என்ன வகை சேவைன்னு சொல்லும். நடுவுல 8 இலக்கம், பார்சலோட எண். அடுத்து ஒரு இலக்கம், சரிபார்ப்புக்கு. கடைசி ரெண்டு எழுத்து, எந்த நாடு அனுப்பியதுன்னு. இந்தியான்னா ஐ, என்.

சரிபார்ப்பு இலக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 12345678-ங்கற எண்ணை எடுத்துக்கோங்க. ஒவ்வொரு இலக்கத்தையும் வரிசையா 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல பெருக்கிக் கூட்டினா 204. அதை 11 ஆல வகுத்தா மீதி 6. 11-ல இருந்து 6 போனா 5. அதுதான் ஒன்பதாவது இலக்கம். இப்போ யாராவது கடைசி 7, 8 ரெண்டையும் இடம் மாத்தி டைப் பண்ணிட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. கூட்டுத்தொகை 206 ஆகும், விடை 3 வரும். 5 இல்லைன்னதும் சிஸ்டம் "தப்பு"ன்னு சொல்லிடும். டேட்டாபேஸைத் தொடாமலேயே பிழையைப் பிடிச்சாச்சு.

சரி, "கிளம்பியது"ன்னு காட்டிட்டு 22 நாள் ஏன் மௌனம்? ஒவ்வொரு நிலைக்கும் தபால்காரங்க ஒரு குறியீடு வெச்சிருக்காங்க. அனுப்புற நாட்டோட பரிமாற்ற அலுவலகத்தை விட்டுக் கிளம்பினா ஈ.எம்.சி. வாங்குற நாட்டோட பரிமாற்ற அலுவலகத்துக்கு வந்தா ஈ.எம்.டி. இந்த ரெண்டுக்கும் நடுவுல உங்க பார்சல் ஒரு பைக்குள்ள இருக்கு. அந்தப் பைக்குத் தனியா 29 எழுத்து நீளத்துல ஒரு அடையாளம். விமானக் கம்பெனி ஸ்கேன் பண்றது பையை, உங்க பார்சலை இல்லை. அந்த ஸ்கேன் தகவலும் தபால் துறைக்குப் போகும், உங்களுக்கு வராது. பை விமான நிலையத்துல இடம் கிடைக்காம காத்துக்கிட்டு இருக்கலாம். 2020-ல கொரோனா வந்து பயணிகள் விமானம் நின்னப்போ உலகம் முழுக்க இதுதான் நடந்தது. சர்வதேசத் தபால்ல பெரும்பகுதி பயணிகள் விமானத்தோட வயித்துலதான் போகும். விமானம் நின்னா தபாலும் நின்னுடும். திரையில மட்டும் "கிளம்பியது"ன்னே இருக்கும்.

இவ்வளவும் படிச்சுட்டு என்னோட நம்பரைத் திரும்பப் பார்த்தேன். முதல் எழுத்து யு.

ஆர்-ல ஆரம்பிச்சா பதிவுத் தபால். ஈ-ன்னா ஈ.எம்.எஸ். சி-ன்னா பார்சல். எல்-னா டிராக்கிங் உள்ள சின்ன பாக்கெட். யு-ன்னா சாதாரண கடித வகை. அதுல பார்கோடு இருக்கறது முக்கியமா கஸ்டம்ஸுக்காக. உள்ளே என்ன இருக்கு, விலை என்னங்கற தகவல் சாமானுக்கு முன்னாடி போய்ச் சேரணும், அதை சாமானோட பொருத்திப் பார்க்க ஒரு நம்பர் வேணும். ஹொனலூலு கதைதான். எனக்கு வழி காட்டறதுக்காக ஒட்டின நம்பர் இல்லை அது. வழியில யாரும் ஸ்கேன் பண்ணியே ஆகணும்னு கட்டாயம் கிடையாது.

இங்கதான் அந்த 1969 காசுக் கணக்கு வருது. ஸ்கேன் பண்றதும் ஒரு வேலை, கையெழுத்து வாங்கறதும் ஒரு வேலை. பதிவுத் தபாலுக்கும் டிராக்கிங் உள்ள பாக்கெட்டுக்கும் வாங்குற நாட்டுக்குக் கூடுதல் காசு போகும். சாதாரண வகைக்கு அது கிடையாது. வெளிநாட்டுல இருந்து ரொம்ப மலிவா சாமான் வீடு தேடி வர்றதுக்கு இந்தக் குறைஞ்ச தபால் கட்டணமும் ஒரு காரணம். இதை வெச்சுத்தான் 2018-ல அமெரிக்கா உலகத் தபால் ஒன்றியத்தை விட்டே போறேன்னு அறிவிச்சது. 2019 செப்டம்பர்ல ஜெனீவாவுல சிறப்பு மாநாடு கூட்டி, கட்டண விதியை மாத்தி, அப்புறம்தான் சமாதானம் ஆச்சு.

ஷிப்பிங்ல இருக்கறதுலயே மலிவானதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். 1841-ல ஒரு ஷில்லிங் எதுக்கு வாங்கினாங்களோ, அந்த வேலைக்கு நான் காசு குடுக்கலை. ஒவ்வொரு கையிலயும் ஒருத்தர் பொறுப்பேத்துக்கறதுக்குத்தான் அந்த ஷில்லிங். அன்னைக்கு சாயங்காலம் அப்பாகிட்ட கத்திச் சொன்னேன்: "யாருமே கையெழுத்து போடலைப்பா!" அவர் தலையாட்டிட்டு, "அப்போ வரும்போதுதான் வரும்"னாரு.

25-வது நாள் வந்துச்சு. கேட்ல இருக்கற பெட்டியில, பில், விளம்பர நோட்டீஸுக்கு நடுவுல ஒரு சின்ன கவர். யாரும் பெல் அடிக்கலை, யாரும் கையெழுத்து கேட்கலை. வயரை மாட்டி அப்பா காதுல வெச்சேன். "எப்போ வந்துச்சு?"ன்னு கேட்டாரு. முதல் தடவையா மெதுவா பதில் சொன்னேன். போன்ல எடுத்துப் பார்த்தா, திரையில இன்னும் "நாட்டை விட்டுக் கிளம்பியது"ன்னுதான் இருந்தது.

அடுத்த தடவை வெளிநாட்டுல இருந்து ஏதாவது ஆர்டர் போட்டீங்கன்னா, ரெஃப்ரெஷ் பண்றதுக்கு முன்னாடி முதல் எழுத்தைப் பாருங்க. அவசரமான சாமான்னா, மருந்து மாதிரி, சர்டிஃபிகேட் மாதிரி ஏதாவதுன்னா, அந்த ஒரு ஷில்லிங்கை மிச்சம் பிடிக்காதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.