வகுப்பேணியும் எழுத்தேணியும்: வாசிக்க இயலாத வளரிளம் மாணவர் – பெங்களூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எழுத்தறிவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு எல்லைகளில் நிற்கின்றன. பள்ளியில் புதிதாய்ச் சேரும் குழந்தை ஓர் எல்லை. பள்ளியையே காணாத முதியவர் மற்றோர் எல்லை. இவ்விரண்டிற்கும் இடையில், எட்டு ஒன்பது ஆண்டுகள் பள்ளியில் அமர்ந்தும் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க இயலாத பதின்வயதினர் உள்ளனர். 'அசர்' எனப்படும் ஆண்டுக் கல்விநிலை அறிக்கை 2023ஆம் ஆண்டில் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையுள்ளோரை ஆராய்ந்தது. அவர்களுள் 86.8 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு கல்வி நிறுவனத்தில் சேர்ந்திருந்தனர். எனினும் ஏறத்தாழ நான்கில் ஒருவரால் தம் வட்டார மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க இயலவில்லை. 2017ஆம் ஆண்டு அறிக்கையிலும் இந்நிலையே காணப்பட்டது.

இத்தகைய மாணவரை 'மந்தமானவர்' என்று கூறுவது எளிது. ஆனால் வரலாற்றை நோக்குமிடத்து, இவர் ஒரு குறிப்பிட்ட பள்ளியமைப்பின் விளைவு என்பது புலனாகும். எழுத்தைக் கொண்டு படிநிலை அமைத்த பள்ளி, வயதைக் கொண்டு படிநிலை அமைக்கும் பள்ளியாக மாறியபோது இவர் தோன்றினார். இம்மாற்றத்தையும், இவருக்கு வாசிப்புக் கற்பிக்கும் வழிகளையும், இருமொழிச் சூழலுடைய பெங்களூரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திண்ணையின் எழுத்தேணி

தமிழகத் திண்ணைப் பள்ளியில் இன்றைய பொருளில் வகுப்புகள் இல்லை. ஒரே ஆசிரியரிடம் பல வயதினர் ஒருங்கே அமர்ந்து கற்றனர். மணலில் விரலால் எழுதுவது முதற்படி. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவது அடுத்த படி. அரிச்சுவடி முடித்தவர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் போன்ற நீதிநூல்களுக்கும், எண்சுவடிக்கும், நிகண்டிற்கும் சென்றனர். ஒருபடி கைவந்த பின்னரே மறுபடி. முன்னேறிய மாணவராகிய சட்டாம்பிள்ளை, பின்தங்கியோர்க்கு முறைசொல்லிக் கொடுத்தார். எழுத்தைக் கண் கண்டது; வாய் ஒலித்தது; விரல் வரைந்தது.

இம்முறையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மணலில் எழுதிக்கொண்டிருந்தால், அவன் எந்த வகுப்பிலும் 'தவறியவன்' ஆவதில்லை. அவன் நிற்கும் படி அது, அவ்வளவே. நன்னூலின் பொதுப்பாயிரமும் கற்போர் கொள்ளும் வகையை அறிந்தே பாடம் சொல்லவேண்டும் என ஆசிரியர்க்கு விதிக்கின்றது. அதே பாயிரம் கடைமாணாக்கரை இல்லிக்குடத்திற்கும் நெய்யரிக்கும் உவமையாக்குவதும் ஈண்டு நினையத்தக்கது. கற்பிக்கும் முறையில் குறைகாணும் நோக்கு, கற்போரிடத்துக் குறைகாணும் நோக்கு ஆகிய இரண்டும் நம் மரபிலேயே அருகருகே இருந்தன.

எனினும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்குதல் வரலாற்றிற்கு மாறானது. தாமஸ் மன்றோ 1822இல் பணித்த கல்விக் கணக்கெடுப்பில் மாவட்ட ஆட்சியர்கள் அளித்த விவரங்களைத் தரம்பால் 1983இல் தொகுத்து வெளியிட்டார். அவ்விவரங்களில் பெண் மாணவர் தொகை மிகச் சிறிதாகவே உள்ளது. தீண்டாமைக்கு ஆட்பட்ட மக்களுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. பிரம்பும் கடுந்தண்டனையும் அப்பள்ளியின் பகுதிகளாகவே விளங்கின. ஆகவே அங்கிருந்து கொள்ளத்தக்கது அதன் படிநிலை முறை ஒன்றே எனலாம்.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

இப்படிநிலை முறையின் ஆற்றலைப் பயன்கொண்ட ஐரோப்பியருள் ஒருவர் ஆண்ட்ரூ பெல். இவர் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆண்மக்களுக்கான அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். துணையாசிரியர்கள் உடன்படாமையால், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதில் வெற்றி கண்டான். பெல் இம்முறையை விவரித்து 1797இல் இலண்டனில் நூலொன்றை வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவியது. 1811இல் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் அதனைத் தன் பள்ளிகளில் கைக்கொண்டது.

இப்பரவலில் ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. திண்ணையில் சட்டாம்பிள்ளை தனியொருவரின் படியறிந்து முறைசொன்னார். இங்கிலாந்தின் பெருங்கூடங்களில் அவரது பணி, நூற்றுக்கணக்கானோரைக் குறைந்த செலவில் ஒழுங்குபடுத்துவதாயிற்று. ஆயினும் மாணவனே மாணவனுக்குத் துணையாதல் என்னும் கருத்து எஞ்சி நின்றது. வாசிக்க இடர்ப்படும் வளரிளம் மாணவருக்கு இக்கருத்து எவ்வாறு உதவும் என்பது பின்னர் விளக்கப்படும்.

வகுப்பேணியின் எழுச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சிட்ட பாடநூல், ஆய்வாளர் வருகை, ஆண்டுத் தேர்வு, அரசின் நிதிக்கொடை ஆகியன பள்ளியின் உருவத்தை மாற்றின. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை நிதிக்கொடை முறைக்கு வழிவகுத்தது. இங்கிலாந்தில் 1862இல் வந்த திருத்திய விதித்தொகுப்பு, மாணவர்தம் தேர்ச்சிக்கேற்ப மானியம் என்ற விதியை நிறுவியது. சென்னை மாகாணமும் தேர்ச்சி மானிய முறையைப் பின்னர்க் கைக்கொண்டது. ஒவ்வோர் ஆண்டிற்கும் ஒரு பாடநூல், ஒவ்வொரு பாடநூலுக்கும் ஒரு வகுப்பு என்ற ஒழுங்கு நிலைபெற்றது.

இவ்வொழுங்கில் எழுத்துக் கற்றல் முதல் வகுப்பின் வேலையாயிற்று. அவ்வாண்டில் அதனை முடிக்காத குழந்தைக்கு இரு வழிகளே இருந்தன: அதே வகுப்பில் மீண்டும் அமர்ந்து நாளடைவில் பள்ளியை விட்டு நீங்குதல், அல்லது எழுத்தறியாமலே மேல்வகுப்பிற்குச் செல்லுதல். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம் மாணவரைத் தேக்கிவைத்தலைத் தடைசெய்தது. 2019இல் வந்த திருத்தம், ஐந்தாம் எட்டாம் வகுப்புகளில் அதனை முடிவுசெய்யும் உரிமையை அரசுகளிடம் விட்டது. தேக்கிவைத்தலோ மேலேற்றுதலோ தம்மளவில் வாசிப்பைக் கற்பிப்பதில்லை. அதே சட்டத்தின் நான்காம் பிரிவு, பள்ளி சேராதிருந்தும் இடைநின்றும் வந்த குழந்தையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, ஏனையோர்க்கு இணையாக்கச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் வழங்கியது. அவ்வுரிமை பள்ளிக்கு வெளியிலிருந்து வருவோரை மனத்திற்கொண்டது. பள்ளிக்குள்ளேயே இருந்து பின்தங்கியவரை அது பெயர்சுட்டிக் கூறவில்லை.

பெங்களூர்: இரு மொழி, இரு வரிவடிவம்

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு எனப்படும் கண்டோன்மெண்டை நிறுவியபோது, சென்னைப் படையைச் சார்ந்த தமிழர் பெருந்தொகையினராக அங்குக் குடியேறினர். அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் முதலிய பகுதிகள் அக்குடியேற்றத்தின் தொடர்ச்சியாகத் தமிழ் வழங்கும் பகுதிகளாயின. 1947 சூலை 26இல் மைசூர் அரசிடம் ஒப்படைக்கப்படும் வரை தண்டுப்பகுதி ஆங்கிலேய ஆளுகையில் இருந்தது. அதனால் ஒரே நகரில் கன்னடம் வழங்கிய பேட்டையும், தமிழும் உருதும் ஆங்கிலமும் வழங்கிய தண்டும் தனித்தனி ஆட்சிமரபுகளில் வளர்ந்தன. 1956க்குப் பின்னரும், 1982இன் கோகாக் கிளர்ச்சிக்குப் பின்னரும் பள்ளியில் கன்னடத்தின் இடம் உறுதிப்பட்டது. 2015ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்தியது.

இந்நிலையில் தமிழ்க் குடும்பத்துச் சிறார் பலர் இல்லத்தில் பேச்சுத்தமிழும், தெருவில் கன்னடமும், பாடநூலில் கன்னடமோ ஆங்கிலமோ கொண்டவராயினர். இதன் சுமையை வரிவடிவ அளவில் தெளிவாகக் காணலாம். தமிழில் ககரம் ஒன்றே இடத்திற்கேற்பப் பலவாறு ஒலிக்கும். கன்னடத்தில் அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள. தமிழின் ககரம் முதல் மகரம் வரையிலான பத்தெழுத்துகளுக்கு ஈடாகக் கன்னடத்தில் இருபத்தைந்து வர்க்க எழுத்துகள் உள. மெய்ம்மயக்கத்தைத் தமிழ் புள்ளியால் காட்ட, கன்னடம் எழுத்தின் கீழே இணைப்பெழுத்து இட்டுக் காட்டுகின்றது. மறுபுறம், கன்னடத்தில் பெரிதும் ஒழுங்காக அமையும் உகர உயிர்மெய் வடிவம், தமிழில் கு, சு, து, மு எனப் பல்வேறு வடிவு கொள்கிறது. 1978இல் தமிழக அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் ஆகார, ஐகார வரிசைகளில் சில வடிவங்களை ஒழுங்குபடுத்தியது. உகர வரிசையைத் தொடவில்லை.

இவ்விரு வரிவடிவங்களுமே அசையெழுத்து வகையின. கன்னட எழுத்துக் கற்றலை ஆராய்ந்த பெங்களூர் பிராமிஸ் பவுண்டேஷனின் சோனாலி நாக், 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துத் தொகுதி முழுவதும் கைவர நான்காம் ஐந்தாம் வகுப்பு வரை செல்லும் எனக் காட்டினார். முதல் வகுப்போடு எழுத்துப் பாடம் முடிந்ததாகக் கொள்ளும் பாடத்திட்டம் மொழியின் இயல்போடு முரண்படுகின்றது என்பதே இதன் பொருள். வீட்டுமொழியும் பள்ளிமொழியும் வேறுபட்ட மாணவர்க்கு இக்கால அளவு மேலும் நீளுதல் இயல்பு.

'சொற்குருடு' என்னும் கண்டறிதல்

எல்லா வாசிப்பு இடர்ப்பாடும் கற்பித்தற் குறையால் வருவதன்று. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அறிவும் கணக்குத் திறனும் நிறைந்த அவனால் எளிய சொற்களையும் வாசிக்க இயலவில்லை. அதனை அவர் பிறவிச் சொற்குருடு என்றார். பின்னாளில் டிஸ்லெக்சியா எனப்பட்ட இடர்ப்பாடு முதன்முதல் விவரிக்கப்பட்டது ஒரு வளரிளம் மாணவரிடத்தே என்பது கருதத்தக்கது. 1943இல் கிரேஸ் பெர்னால்டு வெளியிட்ட நூல், சொல்லை விரலால் வரைந்து, உரக்கச் சொல்லி, கண்ணால் காணும் முறையை வகுத்துரைத்தது. மணலில் எழுதிய திண்ணைச் சிறுவர் செய்ததும் இதற்கு நெருங்கியதே. இந்தியாவில் பிரதிபா காரந்த் முதலியோர் அசையெழுத்து மொழிகளில் இவ்விடர்ப்பாட்டின் தன்மையை ஆராய்ந்தனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைத் தன் பட்டியலில் சேர்த்தது.

மீண்டுவந்த ஏணி

1995இல் மைசூர் மாவட்ட ஹெக்கடதேவனகோட்டையில் 'நலி கலி' என்னும் முறை தொடங்கியது. ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் பட்டறிவை ஒட்டி, பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, மாணவர் தத்தம் வேகத்தில் ஏணியேறுமாறு அது அமைக்கப்பட்டது. 2009-10 கல்வியாண்டில் கர்நாடக அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு அது விரிந்தது. தமிழகத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும் இவ்வழியினதே. பிரதம் அமைப்பு வகுப்பை விடுத்து வாசிப்பு நிலையைக் கொண்டு மாணவரைக் குழுவாக்கியது. 2000இல் பெங்களூரில் தோன்றிய அட்சரா பவுண்டேஷன் தொடக்கப் பள்ளிக் கற்றலில் கருத்துச் செலுத்தியது. இவையனைத்தும் எழுத்தேணியை மீட்டெடுத்தன. ஆயின் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றன. தமிழக அரசு 2025இல் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கிய திறன் இயக்கம், மேல்வகுப்பிற்கும் இத்தேவை உண்டு என்பதை ஏற்றதன் அடையாளம்.

வளரிளம் மாணவருக்கு ஏணி மட்டும் போதாது. ஆறு வயதினர்க்குரிய படப்புத்தகத்தைப் பதினைந்து வயதினர் கையில் கொடுத்தால் அவர் நாணி விலகுவார். அவர் அன்றாடம் காணும் பேருந்துப் பலகை, விளையாட்டுச் செய்தி, தொழிற்கூடக் குறிப்பு ஆகியவற்றிலிருந்து சொற்களை எடுத்து, அவர் பேசும் வழக்கிலேயே தொடங்கி, எழுத்து வழக்கிற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். 'வந்துக்கிட்டிருக்காங்க' என்று பேசும் ஒருவர் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற தொடரை எதிர்கொள்ளும்போது, அவர் எழுத்தோடு ஒரு புது வடிவத்தையும் கற்கிறார். இதனை வாசிப்புப் பிழையாகக் கொள்வது பொருந்தாது. மேலும், அவரையே இளையோர் ஒருவர்க்கு வாசித்துக் காட்டும் சட்டாம்பிள்ளையாக்கினால், எளிய நூலை வாசிப்பதில் உள்ள நாணம் நீங்கும், பயிற்சியும் கூடும். எழும்பூர் கண்ட உண்மையின் இன்றைய பயன் இதுவே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. வாசிக்க இயலாத வளரிளம் மாணவர் என்னும் சிக்கல், வயதுவழி வகுப்பமைப்போடு தோன்றிய ஒன்று. அசையெழுத்து மொழிகளுக்கு வேண்டிய நீண்ட கால அளவைப் பாடத்திட்டம் மதிக்காதது அதனை வளர்த்தது. பெங்களூர் போன்ற பன்மொழி நகரங்களில் அது மேலும் கடுமையாயிற்று. தன் படியில் தொடங்குதல், கண்ணும் வாயும் கையும் ஒருங்கே பயிலுதல், மாணவர்க்கு மாணவர் துணையாதல் ஆகிய வழிகள் நம் மரபிலேயே இருந்தன. அன்று அம்மரபு பலருக்குக் கதவடைத்திருந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது. உள்ளே நுழைந்தவர்க்கு ஏணி இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் அரிச்சுவடியைத் திறப்பதை இழிவாகக் கருதாத பள்ளியே அவ்வேணியை அமைக்க வல்லது.